ஆயிரம் காப்பி

"அங்கிள், கையைக் கழுவிட்டு வந்துடுங்க" என்றான் நண்பரின் மகன். சாப்பிடத்தான் கூப்பிடுகிறான் என்று ஆசையாக எழுந்தேன். இல்லை, ஒரு புத்தகம் பார்ப்பதற்கு!

பையன் ஆர்க்கிடெக்ட். புகைப்படப் புத்தகங்கள் சேர்க்கிறான். கண்ணாடி அலமாரி, அதற்கொரு பூட்டு. அந்த வீட்டில் நகைக்குக்கூட இவ்வளவு பந்தோபஸ்து கிடையாது. "காப்பி சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாமே" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, காப்பி அப்புறம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

புத்தகத்தின் பெயர் 'தி ஆஃப்ரோநாட்ஸ்'. கிறிஸ்டினா தெ மிடெல் என்ற ஸ்பானியப் பெண்மணியின் படைப்பு. 2012-ல் வந்தது.

கதை இதுதான். 1964-ல் ஜாம்பியா சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் எட்வர்ட் மக்கூக்கா ன்கொலோசோ என்ற பள்ளிக்கூட வாத்தியார், அமெரிக்கா, ரஷ்யா இரண்டையும் முந்திக்கொண்டு சந்திரனுக்கு ஆள் அனுப்பப் போவதாக அறிவித்தார். பயிற்சி என்ன தெரியுமோ? ஆளை எண்ணெய் டிரம்முக்குள் திணித்து மேட்டிலிருந்து உருட்டிவிடுவது. ஊஞ்சலில் வேகமாக ஆட்டி, உச்சிக்குப் போனதும் கயிற்றை அறுத்துவிடுவது. எடையில்லாமல் மிதக்கப் பழக வேண்டுமாம்! பயணிகள் பட்டியலில் மாத்தா ம்வாம்பா என்ற 17 வயதுப் பெண்ணும், பூனைகளும் இருந்தன. செலவுக்கு யுனெஸ்கோவிடம் 70 லட்சம் பவுன் கேட்டார். வரவில்லை. அந்தப் பெண் கர்ப்பமாகி, பெற்றோர் வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மேல்நாட்டுப் பத்திரிகைகள் வயிறு குலுங்கச் சிரித்தன. சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய் உதைபட்ட மனுஷர் அவர். சிரித்தவர்களைத்தான் கிண்டல் செய்தாரோ என்ற சந்தேகம் ரொம்ப காலம் கழித்துத்தான் சிலருக்கு வந்தது.

தெ மிடெல் பத்து வருஷம் போலப் பத்திரிகையில் போட்டோகிராபராக இருந்தவர். பத்திரிகைப் படம் என்றால் நிஜம், நிஜம் தவிர வேறில்லை. அதில் அலுத்துப்போய், நடக்காத இந்தப் பயணத்தைப் படம் பிடிக்கக் கிளம்பினார். அதற்காக ஜாம்பியாவுக்குப் போனாரா என்றால், இல்லை. பெரும்பாலும் ஸ்பெயினிலேயே எடுத்தார். பூப்போட்ட ஆப்பிரிக்கத் துணியில் விண்வெளி உடைகளைத் தைத்துக் கொடுத்தவர் அவருடைய பாட்டி! தலையில் தெருவிளக்கு குளோப் மாதிரி ஒரு கண்ணாடி உருண்டை. ஒரு படத்தில் விண்வெளி வீரர் யானையின் தும்பிக்கையோடு கொஞ்சுகிறார். சிரிப்பு வருகிறது. அடுத்த பக்கம் டைப் அடித்த கடிதம். அதற்கடுத்து ஒரு வரைபடம். நாலைந்து பக்கம் புரட்டியதும் சிரிப்பு நின்று தொண்டையில் ஏதோ அடைக்கிறது. தனியாக ஒரு படத்தைச் சுவரில் மாட்டினால் இது நடக்காது. எதற்குப் பின் எது என்ற வரிசையில்தான் வித்தையே இருக்கிறது.

நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் அறுநூறு படம் இருக்கும். அதில் வரிசை என்றால் பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், பந்தி. போதாததற்கு இரண்டு பக்கத்துக்கும் நீட்டிப் போட்ட க்ரூப் படத்தில், நடு மடிப்பில் யாராவது ஒரு சித்தப்பா மூக்கை இழந்திருப்பார். புகைப்படப் புத்தகம் போடுகிறவர்கள் இந்த மூக்குக்காகத்தான் உயிரை விடுகிறார்கள். கம் பைண்டிங்கா, தையல் பைண்டிங்கா? கம் என்றால் புத்தகம் முழுக்க விரியாது, நடுப்பகுதியை மடிப்பு விழுங்கிவிடும். கறுப்பு வெள்ளைப் படமா? கறுப்பு மசி ஒன்று போதாது, சாம்பல் ஒன்றும் சேர்த்து இரண்டு முறை அடித்தால்தான் நிழல் நிழலாக விழும். ஒவ்வொன்றும் காசு. அதனால் இந்தத் துறையில் பதிப்பகங்கள் புகைப்படக்காரரிடமே ஒரு பங்கு பணம் கேட்பது சகஜம். படமும் கொடுத்து, பணமும் கொடுக்க வேண்டும். பெண்ணையும் கொடுத்து வரதட்சணையும் கொடுக்கிற மாதிரி.

தெ மிடெல் அந்த வம்பே வேண்டாம் என்று தானே பதிப்பித்தார். ஆயிரம் காப்பி. சில மாதங்களில் தீர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் என் வயிறு எரிந்ததை மறைக்க விரும்பவில்லை. நானும் ஒரு காலத்தில் சிறுகதைத் தொகுதி ஒன்றை, மனைவியின் வளையலை அடகு வைத்து, சொந்தமாகப் போட்டேன். அதுவும் ஆயிரம் காப்பிதான். அச்சகத்துக்காரர் பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார். 'புதுமையான உத்தி' என்று ஒரு விமரிசகர் பாராட்டினார். அறுநூறு இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

சொந்தமாகப் போடுவதற்கு மூத்த முன்னோடி ஒருவர் உண்டு. அமெரிக்க ஓவியர் எட் ருஷே. 26 பெட்ரோல் பங்குகளைப் படமெடுத்து 1963-ல் 400 காப்பி போட்டார். உள்ளே பெட்ரோல் பங்குகள்தான், வேறொன்றும் இல்லை. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஏற்க மறுத்தது. மனுஷர் அசரவில்லை, 'நிராகரிக்கப்பட்டது' என்பதையே விளம்பரமாகப் போட்டார். எனக்கு அந்த யோசனை தோன்றாமல் போயிற்றே!

தெ மிடெல் கதைக்கு வருகிறேன். 2013-ல் நியூயார்க்கின் சர்வதேசப் புகைப்பட மையம் புத்தகத்துக்கு விருது கொடுத்தது. 2022-ல் மேக்னம் புகைப்படக் கூட்டுறவு அமைப்புக்கே தலைவராகிவிட்டார். ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்த முதல் ஆயிரம் காப்பி என்ன ஆயிற்று? சாதாரண விலைக்கு விற்றது, சீக்கிரமே ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. அப்புறம் யார் கையில் இருக்கும்? இவன் மாதிரி பூட்டு போடுகிறவர்கள் கையில்தான். பக்கத்தில் பிளாஸ்டிக் உறை கிழிக்காத வேறொரு புத்தகம் இருந்தது.

"இதுல என்ன இருக்கு?"

"தெரியாது அங்கிள். பிரிச்சா விலை போயிடும்."

எனக்குக் கோபமே வந்தது. மூக்கு மடிப்பில் விழக்கூடாது என்று ஒருத்தர் ராத்திரி பகலாக நூல் தேடித் தைக்க வைத்திருக்கிறார். இவன் பிரிக்கவே மாட்டானாம்! புரட்டுவதற்காகச் செய்த பொருளுக்கு இது ஒரு வகைச் சிறைத் தண்டனை இல்லையா? சொன்னேன். "இதையாவது பிரிச்சேனே அங்கிள்" என்றான் பாவமாக. கடைசிப் பக்கம்வரை ஓரத்தைப் பிடித்துத்தான் புரட்ட விட்டான். முடிந்ததும் வாங்கி, ஒரு முறை ஊதி, உள்ளே வைத்துப் பூட்டினான்.

"உன் அலமாரியில் என் புத்தகமும் ஒன்று இருக்கட்டுமே. முதல் பதிப்பு. பாரம்கூடத் தலைகீழ், அபூர்வம்" என்றேன்.

"இப்ப காப்பி கொண்டுவரச் சொல்லட்டுமா அங்கிள்?" என்றான்.