பஸ் ரெயிலுக்காகக் காத்திருக்கட்டும்!

அம்பாசமுத்திரத்துக்கு ரெயில் வந்தது 1903-ம் ஆண்டு. மீட்டர் கேஜ் பாதை 2012-ல் அகலப் பாதை ஆயிற்று. பிறகு மின்கம்பியும் வந்துவிட்டது. ஆனாலும் நம் இளைஞர்கள் நெல்லைக்கு மோட்டார் சைக்கிளில்தான் பறக்கிறார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் போகிறது. வீடு திரும்பும் வரை தாய்க்கு நிம்மதி ஏது?

பிள்ளைகளை மட்டும் ஏசிப் பயனில்லை. ரெயிலை விட்டு இறங்கியவர் விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் போக வேண்டாமா? அங்கே தண்டவாளம் கிடையாது. ரெயில் வருகிற ஒவ்வொரு நேரமும் டவுன் பஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று 2021-ல் உத்தரவு வந்ததே, அதன் முழுப் பலனும் அப்போதுதான் கிட்டும்.

சைக்கிள் நிறுத்த நல்ல கூரையும் வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த ஸீட்டில் யார் ஐயா உட்காருவார்கள்?