மீட்டர் ஓடாவிட்டால் என்னவா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் தன் நண்பர்களோடு கட்டிய காரைக் காட்டக் கூப்பிட்டான். சூளூர்பேட்டைக்கு வெளியே ஒரு காலி மனை. இரும்புக் குழாய்ச் சட்டம், பழைய மாருதியின் 12 அங்குலச் சக்கரம், முதுகுப்பக்கம் 390 சிசி பைக் எஞ்சின். வெல்டிங்கில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் முன்னால் மாட்டிய பைக் மீட்டரில் எஞ்சின் சுற்று 6,000, வேகம் சைபர். அந்த பைக்கில் மீட்டருக்கு வேகம் சொன்னது முன்சக்கர சென்சார். சக்கரம் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறது.

"மீட்டர் ஓடலைன்னா என்ன மாமா? சத்தத்தைக் கேட்டாலே வேகம் தெரியும்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பேச்சை ஷேர் ஆட்டோவில் கேட்டிருக்கிறேன், மினி லாரியில் கேட்டிருக்கிறேன். கேபிள் அறுந்துபோனால் "விடுங்க சார்" என்று அனுப்பிவைக்கிற மெக்கானிக்கிடமும் கேட்டிருக்கிறேன். சத்தம் வேகத்தைச் சொல்லாது! இரண்டாம் கியரிலும் 6,000, ஐந்தாம் கியரிலும் 6,000. காதுக்கு ஒரே ஓசை, சாலையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நூறில் வந்தவனுக்கு ஊருக்குள் அறுபது ஊர்வதுபோல்தான் இருக்கும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் கண் அப்படித்தான் ஏமாறும். ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் மோதலின் வலு இரட்டிப்பாகிறது.

இதை வேறு ஊர்க்காரன் சொன்னால்கூடப் பொறுப்பேன். சூளூர்பேட்டையிலிருந்து புலிக்காட் ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. 2022 ஆகஸ்ட் 7 அன்று அங்கிருந்து, சிறு செயற்கைக்கோள்களை ஏவுவதற்கான எஸ்எஸ்எல்வியின் முதல் ராக்கெட் கிளம்பியது. அடுக்குகள் ஒழுங்காக எரிந்தன. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஒரு கணநேர அதிர்வு. அதனால், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் பழுது என்று கணினி முடிவுகட்டியது. அளவு இல்லாமலே ராக்கெட் மேலே போனது. 356 கி.மீ. வட்டப் பாதைக்குப் பதில் 356-க்கு 76 கி.மீ. நீள்வட்டம். பள்ளி மாணவிகளின் ஆசாதிசாட் உட்பட இரண்டு செயற்கைக்கோள்களும் போயின. எரிபொருள் இருந்தது, சத்தமும் இருந்தது; அளவுதான் இல்லை. கோளாறைச் சரிசெய்து, 2023 பிப்ரவரி 10-இல் அதே ராக்கெட் வகையை வெற்றிகரமாக ஏவினார்கள். அங்கே யாரும் "சத்தத்தைக் கேட்டாலே தெரியும்" என்று சொல்லவில்லை. நம் தெருவில் மட்டும் எப்படிச் சொல்ல முடிகிறது?

வண்டிக்கு வேகமானி வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளில் 117ஆம் விதி இருக்கிறது. ஆனாலும் ஓடாத முள்ளோடு வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இத்தனைக்கும் அந்தக் காருக்கு வேண்டியது ஒரு காந்தம், ஒரு சென்சார், ஒரு சைக்கிள் மீட்டர். பின்சக்கர அச்சில் காந்தத்தை ஒட்டி, ஒரு நூல் இடைவெளியில் சென்சாரை அசையாமல் பொருத்த வேண்டும். ஆளை உட்காரவைத்து, டயரில் சாக்கட்டியால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி, தரையில் விழுந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே டேப் பிடிக்க வேண்டும். 1.7 மீட்டரை ஒட்டி வரும். அதை மில்லிமீட்டரில் மீட்டரில் ஏற்றினால் முடிந்தது. ஒரு மத்தியான வேலை. அதைச் செய்ய மனமில்லாதவர்கள் மூன்று மாதம் குழாய் வளைத்திருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு டேப்போடு போகிறேன். அதுவரை வண்டிச் சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கும்.