புரளியின் லாபம் யாருக்கு?

2023 மார்ச் முதல் வாரத்தில் நடந்ததை திருப்பூர் பனியன் தொழிலாளிகளும் கோவைப் பஞ்சாலைத் தொழிலாளிகளும் மறந்திருக்க மாட்டார்கள். "தமிழ்நாட்டில் ஹிந்தி பேசுகிறவனை வெட்டிச் சாய்க்கிறார்கள்" என்று கைப்பேசிக்குக் கைப்பேசி படம் பறந்தது. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் போகிறவர்களோடு, உயிருக்குப் பயந்து ஊர் போகிறவர்களும் சேர்ந்து ரயிலடியில் நெருக்கியடித்தார்கள்.

உண்மை என்ன? பரவிய படங்களில் ஒன்று, பீகார்த் தொழிலாளிகள் தங்களுக்குள்ளேயே போட்டுக் கொண்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. இரண்டும் பழைய சம்பவங்கள். மாநிலப் போலீஸ் தலைமை இதைப் பகிரங்கமாக அறிவித்தது. பீகார் சர்க்கார் அனுப்பிய அதிகாரிகளும் நேரில் வந்து விசாரித்தார்கள்.

இந்தப் புரளிக்கு ஒரு இரட்டைப் பிறவியும் உண்டு. "வடக்கத்தியான் கூட்டம் கூட்டமாக வருகிறான், உன் வேலையைப் பறிக்க ரகசியத் திட்டம் நடக்கிறது" என்று தமிழ்த் தொழிலாளியின் காதில் ஓதப்படுகிறதே, அது! ஒரே கூரையின் கீழ், ஒரே முதலாளியிடம் வேலை செய்யும் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். கூலி உயர்வு பற்றிச் சேர்ந்து பேச வேண்டிய வாய்கள் அடைத்துப் போயின. லாபம் யாருக்கு என்று நாம் சொல்ல வேண்டுமா?

இப்படிப்பட்ட சமயங்களில் சில கனவான்கள் கிளம்பி விடுகிறார்கள். "படிப்பில்லாத ஜனங்கள்! எதைச் சொன்னாலும் நம்புவார்கள்!" என்று சலித்துக் கொள்கிறார்கள். இது உழைப்பாளி மக்கள் மீது சுமத்தப்படும் அவதூறு. இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

ஹென்றி ஃபோர்டு படிப்பில்லாத கூலிக்காரனா? உலகத்தின் பெரும் கார் முதலாளி. உலகத்தை அடிமைப்படுத்த யூதர்கள் ரகசிய சபை கூட்டிச் சதி செய்கிறார்கள் என்று 1920 முதல் தன் சொந்தப் பத்திரிகையில் வாரந்தோறும் எழுதச் செய்தார். அதற்கு ஆதாரமாகக் காட்டிய "சீயோன் மூப்பர்களின் நடவடிக்கைக் குறிப்பு" முழுப் பொய். 1903-ல் ஜார் ஆட்சி ரஷ்யாவில் அச்சானது. மூன்றாம் நெப்போலியனைக் கண்டித்து 1864-ல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு நூலிலிருந்து திருடி ஒட்டியது என்பதை 1921-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையே பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக் காட்டியது. ஃபோர்டு 1927-ல் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஹிட்லர் அந்தப் பொய்யை விடவில்லை. அதன் முடிவு உலகம் அறிந்தது.

வெள்ளைக்கார சர்க்கார் என்ன செய்தது? 1928-ல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளிகள் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏன்? ஒரு ஆள் பார்த்த இயந்திரத்துக்குப் பதில் கூடுதல் இயந்திரங்களைத் தலையில் கட்டினார்கள், ஆள் குறைத்தார்கள், கூலியில் கைவைத்தார்கள். வயிறு எரிந்தது, எழுந்தார்கள். ஐ.சி.எஸ். படித்த மேதாவிகளுக்கு இது புரியவில்லை. "மாஸ்கோவின் சதி" என்றார்கள். 1929 மார்ச்சில் ஆங்கிலேயர் உள்பட முப்பதுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்து, சக்கரவர்த்தியின் ஆட்சியைப் பறிக்கச் சதி என்று மீரத்தில் வழக்கு நடத்தினார்கள். பகிரங்கக் கூட்டம் போட்டு, கொடி பிடித்து நடந்த போராட்டம் அவர்கள் கண்ணுக்குச் சதியாகத் தெரிந்தது! ஆகவே, சதிப் புரளியை நம்புவது பாமரனின் வியாதி அல்ல.

அப்படியானால் மனிதன் ஏன் நம்புகிறான்?

மலினோவ்ஸ்கி என்ற அறிஞர் முதல் உலக யுத்த காலத்தில் பசிபிக் கடலின் திரோபிரியாண்டு தீவுகளில் தங்கி ஆராய்ந்தார். அந்தத் தீவு மக்கள், ஆபத்தில்லாத உள்கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரம் ஓதுவதில்லை, கைத்திறனை நம்புகிறார்கள். ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் மந்திரமும் சடங்கும். காற்றும் அலையும் தன் கையில் இல்லாத இடத்தில் மனிதன் மந்திரத்தைத் தேடுகிறான்.

2008-ல் அமெரிக்காவில் விட்சன், கலின்ஸ்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே சோதனை செய்து பார்த்தார்கள். நிலைமை தன் கையில் இல்லை என்ற உணர்ச்சியைச் சிலருக்கு உண்டாக்கி, வெறும் புள்ளிகள் மட்டுமே நிறைந்த படத்தைக் காட்டினார்கள். அவர்கள் இல்லாத உருவத்தை அதில் கண்டார்கள். சாதாரண நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் சதி இருப்பதாகவும் மற்றவர்களைவிட அதிகமாக எண்ணினார்கள்.

யோசித்துப் பாருங்கள். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாத ஒப்பந்தத் தொழிலாளி ஆழ்கடலில் நிற்கிறான். மழையையும் மிராசுதார் மனத்தையும் நம்பியிருக்கும் நடவாள் ஆழ்கடலில் நிற்கிறாள். மில் ஏன் மூடப்பட்டது? நூல் விலை ஏன் ஏறுகிறது? யாரும் விளக்கம் சொல்வதில்லை. கேட்டால் வாட்ச்மேனை விட்டு விரட்டுகிறார்கள். அந்த இருட்டில் ஒருவன் வந்து, "காரணம் இவன்தான்" என்று ஒரு முகத்தைக் காட்டுகிறான். கோபத்துக்கு ஒரு முகம் கிடைக்கிறது. குழப்பத்துக்கு ஒரு விடை கிடைக்கிறது. அதையே பத்துப் பேர் திரும்பத் திரும்பச் சொன்னால் பொய்யும் பழகிய முகம் போல ஆகிவிடுகிறது.

பயம் உண்மை, காட்டப்படும் எதிரி பொய். புரளியின் பலம் இங்கேதான் இருக்கிறது. 2018-ல் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாகப் புரளி கிளம்பியது. பிள்ளையைக் குடிசையில் விட்டு விட்டு வயலுக்குப் போகும் தாயின் பயம் பொய்யா? இல்லை. ஆனால் பரவிய படங்களில் ஒன்று, குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக் கொள்ளும்படி கராச்சியில் எடுத்த விளம்பரப் படம். கடைசிப் பகுதியை வெட்டி எறிந்து விட்டு அனுப்பினார்கள். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த வயதான பெண்மணி ஒருவர், குழந்தைக்கு மிட்டாய் கொடுத்த குற்றத்துக்கு அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் தூலே மாவட்டத்தில் ஊர் சுற்றிப் பிழைக்கும் ஐந்து ஏழைகள் கொல்லப்பட்டார்கள். ஏழையின் பயத்துக்கு ஏழையே பலியானான்!

"அப்படியானால் சதியே கிடையாதா?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்டு! 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் முதலாளிகள் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் கூடினார்கள். புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்ற உண்மையைக் குழப்பத் திட்டம் போட்டார்கள். பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றினார்கள். 2006-ல் அமெரிக்க நீதிமன்றமே இதைத் தீர்ப்பில் எழுதியது.

ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். இங்கே யார், எங்கே, எப்போது என்பதற்கு விடை இருக்கிறது. கம்பெனியின் சொந்தக் காகிதங்கள் சாட்சி. எதிரி வக்கீலின் குறுக்கு விசாரணைக்கும் அது நின்றது. புரளிக்கோ பெயர் கிடையாது, தேதி கிடையாது. ஆதாரம் கேட்டால், "ஆதாரத்தை மறைத்ததே சதிதான்" என்ற பதில் வரும். பொய்யாகவே முடியாத பேச்சு எதுவோ, அது உண்மையாகவும் முடியாது.

இன்னொன்றும் சொல்கிறோம். சுரண்டலுக்குப் பெரும்பாலும் ரகசியமே தேவையில்லை. அது பட்டப்பகலில், கணக்குப் புத்தகத்தில், சட்டத்தின் பெயரால் நடக்கிறது. பீகார்த் தொழிலாளியைக் குறைந்த கூலிக்கு அழைத்து வருகிறவன் ஒப்பந்தக்காரன். அழைத்து வரச் சொல்கிறவன் முதலாளி. இதில் மர்மம் என்ன இருக்கிறது? பஞ்சத்துக்குத் தப்பி வந்தவனைச் சதிகாரன் என்று சொல்கிறவன், சம்பளப் பட்டியலை நம் கண்ணிலிருந்து மறைக்கிறான்.

என்ன செய்ய வேண்டும்? புரளியை நம்பிய தோழரைக் கேலி செய்யாதீர்கள். கேலி அவரைப் புரளிக்காரன் மடியில் தள்ளும். அவர் பயத்தைக் கேளுங்கள். பிறகு மூன்று கேள்விகளை அவர் முன் வையுங்கள்: யார் பார்த்தது? எங்கே, எப்போது நடந்தது? நம்பினால் லாபம் யாருக்கு? பதில் கிடைக்கும் வரை அந்தப் படத்தை இன்னொரு கைப்பேசிக்கு அனுப்பாதீர்கள். வடக்கிலிருந்து வந்த தொழிலாளி தங்கியிருக்கும் கொட்டகைக்குப் போங்கள். அரைகுறை ஹிந்தியோ அரைகுறைத் தமிழோ போதும். கூலி என்ன என்ற கேள்வி இரண்டிலும் புரியும். சங்கத்தில் அவரைச் சேருங்கள். "ஒரே வேலைக்கு ஒரே கூலி" என்று சேர்ந்து கேளுங்கள்.

நிலைமை கை நழுவும்போது மனிதன் மந்திரத்தை நாடுகிறான். நிலைமையைக் கைக்குள் கொண்டு வரும் கருவி சங்கம். புரளிக்கு மாற்று மருந்து புத்திமதி அல்ல, ஒற்றுமை!

முகமில்லாத சதிகாரனைத் தேடி அலைய வேண்டாம். கூலியைக் குறைப்பவனுக்கு முகமும் உண்டு, முகவரியும் உண்டு. அங்கே போவோம், எல்லா மொழிக்காரரும் ஒன்றாக!