கல்பாக்கத்து மாப்பிள்ளை

மூலக்கொத்தளத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கல்பாக்கத்தில் எஞ்சினீயர். கவர்ன்மென்ட் வேலை, குவார்ட்டர்ஸ், சிகரெட் கிடையாது. போன மாதம் பெண் வீட்டார் ஜாதகம் வாங்கிப் போனார்கள். ஒன்பது பொருத்தம். மூன்றாம் நாள் ஜாதகம் திரும்பி வந்துவிட்டது.

'இன்னா தம்பி, புளூட்டோனியம் கிட்ட நின்னா புள்ள பொறக்காதாமே?' என்று அவன் அம்மா என்னைக் கேட்டார். (பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் தெருவின் மூடநம்பிக்கை.)

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை நிலக்கரி எரித்தது. அந்தச் சாம்பலைச் சுவாசித்த வடசென்னை மாப்பிள்ளை எவனுடைய ஜாதகமும் திரும்பியதாக ஞாபகமில்லை.

பையனையே பிடித்துக் கேட்டேன். புளூட்டோனியம் விடும் ஆல்ஃபா கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடுமாம். ஆனால் தூசியாக நுரையீரலுக்குள் போனால் வருஷக்கணக்கில் குடியிருக்கும். வாடகையும் தராது, காலியும் செய்யாது. அதனால் மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டிச் சுவரிலேயே பொருத்திய கையுறைக்குள் கைவிட்டு வேலை. உள்ளே காற்றழுத்தம் அறையைவிடக் குறைவு. ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகுமே தவிர, தூசி வெளியே வராது. மூக்கு அரித்தால்? கையை உருவி, மீட்டரில் காட்டி, அப்புறம்தான் சொறியலாம்!

இவன் பார்ப்பது எரிபொருள் கம்பிகளை. கம்பி என்பது ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் குழாய். அதற்குள் இருக்கும் சரக்குக்கு ஒரு கதை உண்டு. கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை பிரான்சின் 'ராப்சோடி' உலையைப் பார்த்துக் கட்டியது. 1974-ல் பொக்ரானில் வெடித்துப் பார்த்தோம். செறிவூட்டிய யுரேனியம் வருகிற வழி அடைபட்டது. சரி, இருப்பதை வைத்துச் சமைப்போம் என்று டிராம்பேயில் புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் கார்பைடாக்கினார்கள். 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு. காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளக்கூடிய தூள் அது.

1985 அக்டோபர் 18-ல் உலை உயிர்பெற்றது. டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள் என்று பயந்து பயந்து வரம்பு வைத்தார்கள். கம்பியை எடு, தடித்த சுவருக்கு இப்பால் நின்று இயந்திரக் கையால் அள, வீங்கியிருக்கிறதா பார், அப்புறம் வரம்பை ஏற்று. 2002-ல் ஒரு லட்சம் தாண்டியது. பிற்பாடு 1,65,000. அதற்குள் முதலில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். சட்டையில் பேட்ஜ் மாட்டி, வாங்கிய கதிரைக் கணக்கெழுதுகிறார்கள். ஐந்து வருஷச் சராசரி 20 மில்லிசீவர்ட், எந்த வருஷமும் 30-ஐத் தாண்டக்கூடாது. ஹிரோஷிமாவில் தப்பியவர்களின் பிள்ளைகளையே பல பத்தாண்டு பரிசோதித்ததில் பரம்பரைக் கோளாறு கூடியதாகத் தெரியவில்லை.

'அதெல்லாம் சரி தம்பி. இன்னா வேலைன்னு கேட்டா இன்னான்னு சொல்றது?'

'கம்பி எண்றேன்னு சொல்லிடும்மா' என்றான் பையன், உள்ளேயிருந்து.

அடுத்த ஜாதகமும் திரும்பிவிடும் போலிருக்கிறது.