பங்கு அனுப்புகிற மகிழ்ச்சி





நமது வீடுகளில் அதிகமாகத் தொங்கும் வசனங்களில் நெகேமியா 8:10-ம் ஒன்று. தேவஜனத்தின் பெலன் கர்த்தரில் மகிழும் மகிழ்ச்சியிலேயே இருக்கிறது என்று அது நமக்குப் போதிக்கிறது. ஆண்டு நாட்காட்டியிலும், ஆட்டோவின் கண்ணாடியிலும், பட்டணத்து வாடகை அறையின் கதவிலும் அதைக் காண்கிறோம். கடினமான வேலைநாளின் முடிவில் அந்த வசனத்தைப் பார்த்துத் திடன் கொண்டவர்கள் நம்மில் அநேகர் உண்டு. ஆனால் விளைச்சல் இருந்தும் விலை இல்லாமல் போன வீட்டிலும், கடன்காரர் வந்து நிற்கும் வாசலிலும் இந்த வசனம் என்ன பேசுகிறது? அங்கே மகிழ்ச்சி என்ற சொல்லை எடுப்பதே நோகச் செய்வது ஆகாதா? இந்த மாதத்தில் சித்தூர் மாந்தோப்புகளின் நடுவே நின்று இதைத் தியானிப்போம்.

தோப்பிலே எழும்பிய கேள்வி

சித்தூர் மாவட்டமும், சித்தூர், நெல்லூர் மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டமும் மாந்தோப்புகள் நிறைந்த பூமி. நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லும் மாம்பழத்தை அங்கே தோத்தாபுரி என்பார்கள். அதில் பெரும்பகுதி பழக்கூழ் ஆலைகளுக்கே செல்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் ஆலைகள் இரவும் பகலும் ஓடும். பழம் கழுவப்பட்டு, கூழாக்கப்பட்டு, சூடேற்றப்பட்டு, பீப்பாய்களில் அடைக்கப்பட்டு வெளிநாடுகளுக்கும் குளிர்பான நிறுவனங்களுக்கும் போகும். தோப்புக்காரர், காய் பறிப்பவர், டிராக்டர் ஓட்டுநர், ஆலையில் பழம் நறுக்கும் பெண்கள் என்று எத்தனையோ வீடுகளின் அடுப்பு இந்த இரண்டு மாத வருமானத்தை நம்பியிருக்கிறது.

2025-ஆம் ஆண்டு மரங்கள் நிறையக் காய்த்தன. ஆனால் முந்தின ஆண்டின் கூழே விற்காமல் ஆலைகளில் தேங்கியிருந்தது; ஏற்றுமதியும் மந்தமாயிருந்தது. ஆலை வாசல்களில் பழம் ஏற்றிய டிராக்டர்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. காத்திருக்கும்போதே பழம் கனிந்து அழுகியது. சில இடங்களில் விலை கிலோவுக்கு 4 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஆலைகள் 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அதனோடு அரசு 4 ரூபாய் சேர்த்து 12 ரூபாய் கிடைக்கச் செய்யும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அறிவித்த விலை தங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்று விவசாயிகள் முறையிட்டார்கள். எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரியிலும் அந்தப் பருவத்தில் இதே கண்ணீர்தான்.

பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் ஈடாகாத பழத்தை மரத்திலேயே விட்டுவிடுவதா, பறித்துச் சாலையோரம் கொட்டுவதா? இது சந்தை நிலவரம் மட்டும் அல்ல, தேவபிள்ளைகளே. பழம் விற்கும் ஜூன் மாதமே பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தின் மாதமும் ஆகும். திருப்பதியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அடகு வைத்த நகைக்கு வட்டி கட்ட வேண்டும். சென்னையிலோ பெங்களூருவிலோ ஸ்ரீசிட்டி தொழிற்சாலையிலோ வேலை செய்யும் மகன் தன் சம்பளத்தில் எவ்வளவு அனுப்ப முடியும் என்று கணக்குப் பார்க்கிறான். ஞாயிறு ஆராதனை முடிந்து அவன் வீட்டுக்குப் பேசும்போது, "எப்படியப்பா இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறான். "கர்த்தருடைய கிருபை, நன்றாயிருக்கிறோம்" என்று பதில் வருகிறது. மகனுக்குப் பாரம் ஏறக்கூடாதே என்று தகப்பன் மறைக்கிறார். தகப்பன் மறைக்கிறார் என்று மகனுக்கும் தெரியும். இருவரும் ஸ்தோத்திரம் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். அந்த ஸ்தோத்திரம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பெருமூச்சு இருக்கிறது. அதைக் கேட்பவர் யார்?

இழப்பை எண்ணிச் சொன்ன தீர்க்கதரிசி

ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரத்தை நாம் ஆராதனையில் களிப்போடு அறிக்கை செய்கிறோம். 18-ஆம் வசனத்தின் மகிழ்ச்சிக்கு முன்னே 17-ஆம் வசனம் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அங்கே தீர்க்கதரிசி ஆறு இழப்புகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறான். அத்தியில் துளிர் இல்லை. திராட்சையில் கனி இல்லை. ஒலிவ மரத்தில் பட்ட பாடு வீணாயிற்று. வயலில் தானியம் இல்லை. கிடையில் ஆடு இல்லை. தொழுவத்தில் மாடு இல்லை. ஒரு குடும்பத்தின் வரவுக் கணக்கு முழுவதும் அங்கே வெறுமையாய் இருக்கிறது. அவன் எதையும் மறைக்கவில்லை, எதையும் குறைத்துச் சொல்லவுமில்லை. அதற்கும் முந்தின வசனத்தில் தன் உள்ளம் குலுங்கியதையும் உதடுகள் நடுங்கியதையும் ஒத்துக்கொள்கிறான். புத்தகத்தின் தொடக்கமே, இன்னும் எத்தனை காலம் என்று கர்த்தரிடத்தில் அவன் முறையிடுகிற முறையீடுதான்.

அந்த நடுக்கத்தோடேயே அவன் கர்த்தருக்குள் களிகூரத் தீர்மானிக்கிறான். கணக்கை மூடி வைத்துவிட்டு அவன் பாடவில்லை. திறந்த கணக்கைக் கர்த்தருடைய சமுகத்தில் விரித்து வைத்துப் பாடுகிறான். ஆகையால் இழப்பைச் சொல்வது அவிசுவாசம் ஆகாது. சொல்லப்படாத இழப்புதான் மனிதனை உள்ளுக்குள் அரித்து, ஒரு நாள் தனிமையில் தள்ளிவிடுகிறது.

நமது சாட்சி நேரத்தை எண்ணிப் பாருங்கள். கடன் தீர்ந்தவர் எழுந்து நிற்கிறார். சுகம் பெற்றவர் எழுந்து நிற்கிறார். வேலை கிடைத்தவர் எழுந்து நிற்கிறார். தேவனுக்கே மகிமை. ஆனால் கடன் இன்னும் தீராதவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? கடைசி வரிசையில். தனக்குச் சாட்சி சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணி, சில வாரங்களில் அவர் வராமலே நின்றுவிடுகிறார். ஆபகூக் அப்படிப்பட்டவருக்காகவே எழுதினான். விலை கிடைக்காத ஆண்டிலும் கர்த்தரை விட்டுவிடாமல் சபைக்கு வந்து உட்கார்ந்திருப்பதே ஒரு சாட்சி. அதைச் சொல்ல அவருக்கு இடம் கொடுப்போமா?

வசனத்தின் முதற்பாதி

இப்போது நெகேமியாவுக்குத் திரும்புவோம். ஏழாம் மாதம் முதலாம் நாளில் ஜனங்கள் தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியிலே கூடினார்கள். எஸ்றா காலை தொடங்கி நண்பகல் மட்டும் நியாயப்பிரமாணத்தை வாசித்தான். கேட்ட ஜனங்கள் அழுதார்கள். அந்த அழுகையின் நடுவேதான் மகிழ்ச்சியைப் பற்றிய அந்த வார்த்தை வந்தது. ஆனால் நாட்காட்டியில் அச்சாவது வசனத்தின் பின்பாதி மட்டுமே. முதற்பாதியில் ஒரு கட்டளை உண்டு. போய் நல்லதைப் புசியுங்கள், குடியுங்கள் என்பதோடு, தங்களுக்கென்று ஒன்றும் ஆயத்தம் பண்ணாதவர்களுக்குப் பங்கு அனுப்பவும் அங்கே சொல்லப்படுகிறது. 12-ஆம் வசனத்தில் ஜனங்கள் அப்படியே செய்ததையும் காண்கிறோம். அவர்கள் பங்குகளை அனுப்பினார்கள். மிகுந்த மகிழ்ச்சி கொண்டாடினார்கள்.

இன்னும் மூன்று அதிகாரம் பின்னோக்கிப் போங்கள். ஐந்தாம் அதிகாரத்தில் இதே ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். பஞ்சத்திலே தானியம் வாங்க நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்தோம் என்கிறார்கள். ராஜாவின் வரிக்காகக் கடன் வாங்கினோம், எங்கள் பிள்ளைகள் அடிமையாகிறார்கள் என்று புலம்புகிறார்கள். தோட்டத்தை அடகு வைத்த குடும்பத்தின் குரல் வேதத்திலேயே பதிவாகியிருக்கிறது! நெகேமியா அவர்களை இன்னும் அதிகமாய் ஜெபியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. கடன் கொடுத்த சகோதரரைச் சபை கூட்டி நிறுத்தினான். நிலங்களையும் தோட்டங்களையும் திருப்பிக் கொடுக்கச் செய்தான், வட்டியையும் விடச் செய்தான். எட்டாம் அதிகாரத்தின் மகிழ்ச்சிக்கு ஐந்தாம் அதிகாரத்தின் நீதி வழி திறந்தது.

அருமையானவர்களே, மகிழுங்கள் என்று சொன்ன அதே வாய், பங்கு அனுப்புங்கள் என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் நாம் பிரித்துவிட்டால், மகிழ்ச்சி இல்லாதவன் தலையில் மகிழ்ச்சியையும் ஒரு கடனாக ஏற்றியவர்கள் ஆவோம்.

சிறைக்கு வந்த பங்கு

புதிய ஏற்பாட்டின் மகிழ்ச்சியின் நிருபம் என்று பிலிப்பியரைச் சொல்கிறோம். பவுல் அதை எழுதியது கட்டப்பட்டவனாக இருந்த நாட்களில். எப்பொழுதும் சந்தோஷமாயிருக்க அவர் 4:4-இல் புத்தி சொல்கிறார். ஆறு வசனங்கள் கழித்துத் தன் சொந்த சந்தோஷத்தின் காரணம் ஒன்றையும் கூறுகிறார். பிலிப்பி சபையார் தன்னைப் பற்றிய கரிசனையில் மறுபடியும் துளிர்த்தார்களே என்று மிகவும் மகிழ்கிறார். அவர்கள் எப்பாப்பிரோதீத்துவின் கையில் பங்கு அனுப்பியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்த அந்தச் சகோதரன் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாயிருந்தான் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்ட அப்போஸ்தலனுக்கும், ஒரு சகோதரன் வழி நடந்து வந்தது சந்தோஷமாயிருந்தது. அப்படியானால் நமக்கும் நம் அயலகத்தாருக்கும் அது எவ்வளவு தேவை!

இப்படிப் பங்கு அனுப்புவது சித்தூர் மண்ணுக்குப் புதியதல்ல. மாவட்டங்கள் பிரிவதற்கு முன் சித்தூரைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்ற இடம் இருக்கிறது. காசநோய்க்கு மருந்தே கண்டுபிடிக்கப்படாத காலத்தில், 1915-இல் அங்கே காசநோயாளிகளுக்கான மருத்துவமனை எழும்பியது. டென்மார்க்கிலிருந்து வந்த மருத்துவ ஊழியர் கிறிஸ்டியன் ஃப்ரீமட்-மோலர் அதன் முதல் தலைவராயிருந்தார். ஒரே மிஷன் தாங்கக்கூடிய பாரமாக அது இருக்கவில்லை. பல மிஷன் சங்கங்கள் சேர்ந்தே அதை நடத்தின. காசநோயைத் தாக்கும் முதல் பயனுள்ள மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில்தான் வந்தது. அதற்கு முன் வந்த நோயாளிகளுக்கு ஓய்வும், நல்ல காற்றும், சத்தான உணவும், சிலருக்கு அறுவை சிகிச்சையும், மாதக்கணக்கான பராமரிப்புமே கொடுக்க முடிந்தது. சொந்த வீட்டாரே கிட்டே வரப் பயந்த நோயாளியின் அருகில் ஒருவர் தினமும் வந்து நின்றார். சுகம் இன்னும் கைக்கு எட்டாத நாளிலும் அனுப்பத்தக்க பங்கு ஒன்று உண்டென்று அந்த ஊர் நமக்குக் கற்றுத் தருகிறது.

இம்மாதம் நாம் செய்யத்தக்கவை

முதலாவது, கேளுங்கள். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, நலமா என்பதோடு நிறுத்தாமல், "இந்த வருஷம் என்ன விலைக்குப் போயிற்று? வட்டி எவ்வளவு நிற்கிறது?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தொகையைக் கேட்டால்தான் பாரத்தின் எடை தெரியும். கேட்டபின் அதே அழைப்பில் ஜெபியுங்கள். அந்த ஜெபத்தில் அந்தத் தொகையையும் கர்த்தரிடத்தில் சொல்லுங்கள்.

இரண்டாவது, அனுப்புங்கள். முழுக் கட்டணத்தையும் நம்மால் செலுத்த முடியாமலிருக்கலாம். ஒரு பாடப்புத்தகத்தின் விலை நம்மிடம் இருக்கும். திருப்பதி ரூயா மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நோயாளியோடு வந்து, இரவெல்லாம் வெளியே காத்திருக்கும் கிராமத்து மனிதர்கள் உண்டு. அருகில் குடியிருக்கும் சபையார் ஒரு தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோகலாம். பெரிய ஊழியம் என்று யாரும் இதை அறிவிக்கமாட்டார்கள். பங்கைப் பெற்றவன் அறிவான், பரமபிதாவும் அறிவார்.

மூன்றாவது, இடம் கொடுங்கள். போதகர்களே, சாட்சி நேரத்தில், இன்னும் காத்திருக்கிறவர்களும் எழுந்து இரண்டு வார்த்தை பேசலாம் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சபை கண்ணீர் விடும். அந்தக் கண்ணீரில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும். வட்டிக்குக் கொடுக்கும் விசுவாசிகள் நம் நடுவில் இருந்தால், அவர்கள் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை முழங்காலில் நின்று வாசிப்பார்களாக.

இந்த வரிகளை வாசிக்கிற நீங்களே அந்தத் தோப்புக்காரராகவோ, நாட்கூலி நின்றுபோன ஆலைத் தொழிலாளியாகவோ இருக்கலாம். உங்களுக்கு ஒரு வார்த்தை. அனுப்பப்படும் பங்கைப் பெற்றுக்கொள்ள வெட்கப்படாதிருங்கள். பவுல் வெட்கப்படவில்லை, நன்றி எழுதினார். உங்கள் இழப்பைக் கர்த்தருக்கு முன்பாகவும், நம்பத்தக்க ஒரு சகோதரனிடத்திலும் எண்ணிச் சொல்லுங்கள். மார்கழி, தை மாதங்களில் மாமரம் மறுபடியும் பூக்கும். அடுத்த விலை என்னவாகும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாதவர் ஒருவர் உண்டு. அவருக்குள் நாம் ஒருவருக்கொருவர் உண்டு.

ஜெபிப்போம்: பரலோக பிதாவே, விளைந்தும் விலையில்லாத வீடுகளை நினைத்தருளும். அவர்கள் கணக்கை நீர் அறிவீர். மகிழ்ச்சி என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் பங்கு அனுப்பும் கைகளையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.