மூட்டையில் ஏன் தமிழ் இல்லை?

'ஃபிளாமபிள்', 'இன்ஃபிளாமபிள்'. ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான்: சட்டுனு தீப்பிடிக்கும். இதைப் பள்ளிக்கூடத்துல யாராவது நமக்குச் சொன்னாங்களா? 'இன்கரெக்ட்'னா கரெக்ட் இல்லை, 'இன்ஆக்டிவ்'னா ஆக்டிவ் இல்லைன்னு படிச்ச பிள்ளை, டேங்கர் லாரி முதுகுல 'ஹைலி இன்ஃபிளாமபிள்'னு பார்த்தா என்ன நினைக்கும்? தீப்பிடிக்காதுன்னுதானே!

காரியாபட்டி டீக்கடையில ஒரு பையன் அப்படித்தான் நினைச்சான். பிளஸ் டூ முடிச்சவன். டேங்கர் பக்கத்துல நின்னுக்கிட்டு தீப்பெட்டியை எடுக்கிறான். நான் கத்தினதும், "அதான் 'இன்' போட்டிருக்கே அண்ணே"ங்கிறான். அவனைத் திட்ட மனசு வரலை. அந்த 'இன்' லத்தீன்ல இருந்து வந்தது, மறுப்பே இல்லைன்னு அவனுக்கு யார் சொன்னா? அமெரிக்காவுல தேசிய தீத்தடுப்புச் சங்கம் 1920-கள்லேயே, குழப்பம் வேண்டாம், 'ஃபிளாமபிள்'னே எழுதுங்கன்னு சொல்லிருச்சு. நூறு வருஷம் ஆச்சுங்க! நம்ம நாலுவழிச் சாலையில இன்னமும் பழைய வார்த்தைதான் ஓடுது.

ரோட்டைக்கூட விடுங்க. பட்டாசு ஆலை மருந்து ரூமை நினைச்சாத்தான் வயிறு எரியுது. குளோரேட், பெர்குளோரேட்னு ரெண்டு ரசாயனம். கேட்கிற காதுக்கு ரெண்டெழுத்துதான் வித்தியாசம். ஆனா குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தா லேசா உரசினாலே போதும், பத்திக்கும். அதனாலதான் அந்தக் கலவைக்கு 1992-லேயே மத்திய அரசு தடை போட்டுச்சு. பெர்குளோரேட் அவ்வளவு சீக்கிரம் பத்தாது. அதுக்காகப் பயமில்லாம கையாளுற சரக்கும் இல்லை. உசிர் சம்பந்தப்பட்ட இந்த வித்தியாசம் மூட்டையில எந்த மொழியில இருக்கு? நான் பார்த்த மூட்டையெல்லாம் இங்கிலீஷ்தான். அதைத் தூக்குறவங்க, பிரிக்கிறவங்க, மருந்து கலக்குறவங்க? எட்டாவதோட நின்னவங்க எத்தனை பேர்!

2018-ல உச்ச நீதிமன்றம் பட்டாசுல பேரியம் உப்பு கூடாதுன்னு சொன்னப்போ, "பச்சை உப்புக்குத் தடையாம்"னு ஒரே வரியில ஊருக்கே புரிஞ்சதே. தமிழ்ப் பேர் நம்மகிட்ட இருக்கு. எழுதத்தான் ஆள் இல்லை.

2024 மே 1-ல காரியாபட்டி பக்கத்துல கல்குவாரி வெடிமருந்து குடோன் வெடிச்சு மூணு பேர் செத்தாங்க. அதுக்குக் காரணம் வேற எதுவாவும் இருக்கட்டும். வெடிமருந்து பக்கத்துலேயே தூங்கி எழுற ஜனங்களுக்கு, அது என்ன, எதோட சேரக்கூடாதுன்னு தாய்மொழியில தெரிய வேண்டாமா? மூட்டைக்கு ரெண்டு வரி தமிழ் போதும். நாடு முழுக்கக் காலண்டர் அடிச்சு அனுப்புற சிவகாசி பக்கத்துலதானே இருக்கு, அச்சகத்துக்கா பஞ்சம்?