சிவகாசிக்குக் கப்பலேறி வந்த மோட்சம்

நமது தென் ஜில்லாக்களில் கிறிஸ்தவ வாலிபர்கள் சிலர், வேத பாடசாலையில் படித்துத் தேறி, அந்நிய தேசங்களுக்குப் போய் "ஆத்தும ஊழியம்" செய்யப் புறப்படுகிறபோது, அவர்களுக்கு வழியனுப்பு உபசாரம் நடப்பதும், பாதிரிமார் தலைமேல் கைவைத்து ஜெபிப்பதும், தாய் தகப்பன்மார் ஒரு கண்ணில் துக்கமும் ஒரு கண்ணில் பெருமையுமாய் நிற்பதும் நாம் பார்த்துவருகிற சங்கதிகளேயாகும். மற்றொரு பக்கத்தில், "ஐயோ, மதம் மாற்றுகிறார்கள், தர்மம் போச்சு" என்று நமது வைதீகர்கள் மாரடித்துக்கொள்வதும் புதிதல்ல. இந்த இரண்டு கூச்சல்களுக்கும் நடுவில், அப்படிப் போகிறவன் கையில் கொண்டுபோவது என்ன, போன இடத்து ஜனங்களுக்கு அதனால் கிடைப்பது என்ன என்கின்ற கேள்வியை மாத்திரம் யாரும் கேட்பதில்லை. ஆகவே நாம் அதைக் கேட்கலாமென்றிருக்கிறோம்.

இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிவகாசி ஒன்றே போதும். சிவகாசிக்கே ஒரு வாலிபர் கடல் கடந்து வந்து, அங்கேயே உயிரை விட்டிருக்கிறார். அவர் பெயர் தாமஸ் ராக்லண்டு. 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். லிவர்பூலில் உறவினர் ஒருவரின் வியாபாரக் கச்சேரியில் கணக்கெழுதியவர். பிறகு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேர்ந்து, 1841இல் கணிதப் பரீட்சையில் நாலாவதாகத் தேறி, கலாசாலையிலேயே மானியத்தோடு உட்கார்ந்து படிக்கக்கூடிய பதவியும் பெற்றார். அதை வைத்துக்கொண்டு சுகமாகக் காலந்தள்ளியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1846இல் சர்ச் மிஷன் சங்கத்தின் காரியதரிசியாகச் சென்னைக்கு வந்தார். பிறகு கச்சேரி வேலையும் வேண்டாமென்று, 1854 முதல் வட திருநெல்வேலியில் கூடாரம் போட்டுக்கொண்டு கிராமம் கிராமமாகப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பென், மெடோஸ் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் வாலிபர்கள் அவரோடு சேர்ந்தார்கள். வெயிலிலும் காற்றிலும் கூடாரத்தில் கிடந்து, நுரையீரல் நோய் முற்றி, 1858 அக்டோபர் 22ந் தேதி சிவகாசியில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 43. தோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவருடைய சரித்திரத்தைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

இந்த மனிதருடைய யோக்கியதையை நாம் குறைத்துப் பேசப் போவதில்லை. பணத்துக்காக வந்தவரென்று சொன்னால் அது பொய். தான் நம்பிய ஒன்றுக்காகப் பதவி, சுகம், உயிர் மூன்றையும் கொடுத்தவர். தட்சணை வராத தெருவில் காலெடுத்து வைக்காத நமது புரோகிதக் கூட்டத்தையும் இவரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். சிவகாசித் தெருவில் சாதாரண ஜனங்களோடு நின்று பேசுவதற்காக அவர் தமிழ் படித்தார். "தேவ பாஷை" தெரிந்த நமது சாஸ்திரிகளில் எத்தனை பேர் அந்தத் தெருக்காரனோடு அவன் பாஷையில் பேச நினைத்தார்கள்?

ஆனால் தியாகம் செய்தவன் என்பதாலேயே அவன் செய்த காரியம் பிரயோஜனமுள்ளதாகிவிடாது. தீமிதிக்கிறவனும் கஷ்டப்படுகிறான், அலகு குத்திக்கொள்கிறவனும் ரத்தம் சிந்துகிறான். கஷ்டத்தின் அளவைக்கொண்டு காரியத்தின் மதிப்பை அளப்பதாயிருந்தால் உலகத்திலுள்ள எல்லா மூடத்தனமும் புண்ணியமாகிவிடும். ஆகையால் அவர் எவ்வளவு கொடுத்தார் என்பதோடு நிற்காமல், எதைக் கொடுத்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ராக்லண்டு வட திருநெல்வேலியில் கூடாரமடித்த அதே 1854இல் லண்டன் பட்டணத்தில் ஒரு காரியம் நடந்தது. காலரா பரவி ஜனங்கள் கொத்துக்கொத்தாய்ச் செத்துக்கொண்டிருந்தபோது, ஜான் ஸ்நோ என்கின்ற வைத்தியர் வீடு வீடாகப் போய்ச் சாவைக் கணக்கெடுத்து, பெரும்பாலான சாவுகள் பிராட் தெருவிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே இருப்பதைக் கண்டுபிடித்து, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றி வைக்கச் செய்தார். காலரா காற்றில் வருவதுமல்ல, கடவுள் கோபத்தால் வருவதுமல்ல; அசுத்தமான தண்ணீரால் வருவது என்பதற்கு அது பெரிய ருசுவாயிற்று. அந்தக் காலத்தில் நம் ஊர்களில் காலரா வந்தால் மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றினார்கள். கிறிஸ்தவர்கள் ஜெபம் செய்தார்கள். மாரியாத்தாளும் கேட்கவில்லை, கர்த்தரும் கேட்கவில்லை. அந்தச் சீமையிலிருந்து சிவகாசிக்கு இரண்டு சரக்கு வந்திருக்கக்கூடும். ஒன்று தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்கின்ற அறிவு. மற்றொன்று, உன் பாவத்துக்காக ஒருவர் 1800 வருஷத்துக்கு முன் சிலுவையில் செத்தார் என்கின்ற செய்தி. கணக்கில் புலியான ஒரு மனிதர் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது இரண்டாவது சரக்கைத்தான்! அவருடைய கணித மூளை ஒரு கிராமத்தின் சாவுக் கணக்கை எடுக்க உதவியிருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கும்? குற்றம் அவருடைய மனதிலில்லை; அவருக்குக் கொடுக்கப்பட்ட தயாரிப்பில் இருந்தது. சரீரம் அழியும், ஆத்துமா அழியாது என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினால், அவன் சரீரத்தை விட்டுவிட்டு ஆத்துமாவைத்தானே தேடுவான்?

பாதிரிமார் செய்தவைகளில் இன்றைக்கும் நிலைத்து நிற்பவை எவை என்று பார்த்தாலும் இதே பாடம்தான் கிடைக்கிறது. கால்டுவெல் பாதிரியார் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதினார். அதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். அதே கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி, அந்தச் சமூகத்தாரைத் தாழ்த்திப் பேசினார் என்பதற்காக, நாடார் கிறிஸ்தவர்களே பிற்காலத்தில் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். யாருடைய ஆத்துமாவை ரட்சிக்க வந்தாரோ அவர்களுடைய மானத்தின் மேலேயே கை வைத்தார் என்றாயிற்று! அவர் அறிவைக் கொண்டு செய்த காரியம் எல்லோருக்கும் பொதுச் சொத்தாயிற்று. மதத்துக்காக எழுதியதோ சொந்தச் சபையாருக்கே சகிக்கவில்லை.

நிற்க, மதம் மாற்றுகிறார்களென்று கூக்குரலிடும் வைதீகர்களுக்கு ஒரு வார்த்தை. நாடார்கள் ஏன் கிறிஸ்தவர்களானார்கள்? கழுகுமலையில் அவர்களுக்குத் தேர்வீதியில் ஊர்வலம் போகும் பாத்தியதை மறுக்கப்பட்டது. அவர்களில் ஒரு கூட்டத்தார் ரோமன் கத்தோலிக்கரானார்கள். அதன் பேரில் 1895இல் தேர்த் திருவிழாவன்று கலகம் மூண்டு உயிர்ச்சேதம் உண்டாயிற்று. அவர்கள் கேட்டது மோட்சமா? இல்லை, நடப்பதற்கு ஒரு தெரு. கமுதியில் 1897இல் நாடார்கள் கோயிலுக்குள் போனார்கள் என்பதற்காக வழக்குத் தொடுத்து, கீழ்க் கோர்ட்டு, ஹைகோர்ட்டு எல்லாம் தாண்டி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு அந்தக் கோயிலுக்குள் நுழையப் பாத்தியதை இல்லையென்று தீர்ப்பு வாங்கினார்கள். தீண்டாமையைக் காப்பாற்றக் கடல் கடந்து வழக்காடலாமாம். அதிலிருந்து தப்பக் கடல் கடந்து வந்த மதத்தில் சேரக்கூடாதாம்! சிவகாசியிலோ கோயில் பிரவேசச் சண்டை முற்றி, 1899 ஜூன் 6ந் தேதி ஆயிரக்கணக்கானோர் ஊரின் மேல் பாய்ந்து, நூற்றுக்கணக்கான வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், பலர் மாண்டார்கள். பாய்ந்த ஜாதிக்கும் கருவறைக்குள் இடமில்லை, பாயப்பட்ட ஜாதிக்கும் இடமில்லை. தங்களை உள்ளே விடாத ஒரு கதவுக்காகத் தமிழனும் தமிழனும் வெட்டிக்கொண்டு செத்தான். இந்த யோக்கியதையில் உள்ள மதத்தைவிட்டு ஒருவன் ஓடினால், ஓடினவனைக் கோபிப்பதா, துரத்தினவனைக் கோபிப்பதா?

சரி, ஓடிப்போன இடத்தில்தான் ஜாதி ஒழிந்ததா என்றால் அதுவுமில்லை. வடக்கன்குளம் மாதா கோயிலை வேளாளக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கம், நாடார் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கால் சட்டையைப்போல் கட்டி வைத்திருந்தார்கள். நடுவிலிருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. திருச்சியிலோ செத்த பிணங்களுக்கும் சுவர் வைத்த கல்லறை உண்டு. கர்த்தருக்கு முன் எல்லோரும் சமம் என்று பிரசங்கம். கல்லறையில் மாத்திரம் கறுப்பனுக்கு ஒரு மூலை. இதைச் சரிப்படுத்தாமல் வேறு தேசத்தானுக்கு மோட்சம் காட்டப் புறப்படுவது, தன் வீட்டுக் கூரை எரியும்போது பக்கத்து ஊருக்கு விளக்கேற்றப் போவதேயாகும்.

பாதிரிமார் பள்ளிக்கூடம் வைத்தார்களே, ஆஸ்பத்திரி வைத்தார்களே என்று சிலர் கேட்கலாம். வைத்தார்கள், மனுதர்மக்காரர்கள் சூத்திரன் காதில் எழுத்து விழக்கூடாதென்ற தேசத்தில் அது பெரிய உபகாரம்தான். ஆனால் எழுத்தும் கணக்கும் மருந்தும் ஏசுவின் சொத்தல்ல. ஞானஸ்நானம் பெற்றவனுக்குத்தான் இரண்டும் இரண்டும் நாலு, மற்றவனுக்கு அஞ்சு என்பதில்லை. விருதுபட்டி என்றிருந்த இன்றைய விருதுநகரில், வியாபாரிகள் தங்கள் சரக்கின் மேல் மகமை வசூலித்தும், பெண்கள் அடுப்பில் உலை வைக்கும்போது பிடி அரிசி எடுத்து வைத்தும், 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலையை ஏற்படுத்தினார்கள். அதில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். காமராசரும் அங்கே படித்தவர்தான். எந்தப் பரலோக ராஜ்யமும் அதற்குக் காசு அனுப்பவில்லை. அந்த மகமைப் பணத்தில் ஒரு பகுதியை இன்னமும் பொங்கலுக்கும் வாண வேடிக்கைக்கும் பாழாக்குகிறார்களே என்பதுதான் நமது வருத்தம். 1931இல் மூன்றாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடிய ஊர் அது என்பதை அவ்வூரார் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிவகாசியிலிருந்தும் இரண்டு வாலிபர்கள் தூரதேசம் போனார்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழையில்லாத அந்தக் கரிசல் காட்டில் லட்சக்கணக்கானவர்கள் கஞ்சி குடிக்க அது வழி செய்தது. மிஷனெரி வேலை என்றால் நாம் இதைத்தான் சொல்லுவோம். ஆனால் அந்தக் கதையை இங்கேயே நிறுத்திப் புகழ்ந்துவிட்டுப் போக நாம் முதலாளிகளின் புலவர்களல்ல. அந்தத் தீப்பெட்டிக் குச்சியை அடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய பிள்ளைகளின் விரல்களைத்தான் வெகுகாலம் உபயோகித்தார்கள். பட்டாசுக் கொட்டகையிலோ மனிதன் நெருப்புக்கு இரையாகிறான். 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் வேலைக்காரர்கள் அல்ல. சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்த கிராமத்தார். 2021 பிப்ரவரி 12ந் தேதி அச்சங்குளத்தில் மறுபடியும் இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள்.

இந்தச் சாவுகளுக்குப் பின்னால் கோயிலிலும் பூசை, மாதா கோயிலிலும் ஜெபம், பள்ளிவாசலிலும் துவா. எந்த மதத்தானுடைய வெடிமருந்தாவது உராய்ந்தால் வெடிக்காமல் இருந்ததுண்டா? கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பொடியும் ஞானஸ்நானத்தைப் பார்ப்பதில்லை, திருநீற்றையும் பார்ப்பதில்லை. ஒரு கொட்டகைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. கொட்டகைக்கும் கொட்டகைக்கும் இடைவெளி வேண்டும். இரும்புச் சாமான் ஆகாது. கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். ஒரு முறை வெடித்த இடம் மறுமுறையும் வெடிக்கும், கிட்டே போகாதே: இவைதான் உயிர் காக்கும் வேத வாக்கியங்கள். முதலிப்பட்டியாருக்கு இந்தக் கடைசி வாக்கியத்தை வீடு வீடாய்ப் போய்ச் சொல்ல ஒரு உபதேசியார் இருந்திருந்தால், அன்றைக்கு எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்!

ஆகவே, கடல் கடந்து போக ஆசைப்படும் கிறிஸ்தவ வாலிபனைப் பார்த்து நாம் பரிகசிக்கவில்லை. தம்பி, உன் தைரியம் நல்லது. பாஷை கற்கிறாயே, அது நல்லது. வீட்டைவிட்டு ஏழையோடு தங்கத் துணிந்தாயே, அது மிகவும் நல்லது. மூட்டையில் கட்டியிருக்கும் சரக்கைத்தான் மாற்றிக்கொள் என்கிறோம். செத்தபின் கிடைப்பதை விற்காதே. சாகாமலிருக்கும் வழியைக் கொண்டுபோ. அந்நிய தேசத்துக்கும் போக வேண்டாம். சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் போதும்.

நமது இயக்க வாலிபர்களுக்கும் இதில் பங்குண்டு. கடவுள் இல்லையென்று மேடையில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ராத்திரி ரயிலில் வீட்டுக்குத் திரும்புவதோடு பகுத்தறிவுப் பிரசாரம் முடிந்துவிடாது. இல்லாத மோட்சத்துக்காக ஒரு வெள்ளைக்காரன் 4 வருஷம் கூடாரத்தில் கிடந்து செத்தானே. இருக்கிற உயிருக்காக நாம் 4 மாதம் ஒரு கொட்டகை வாசலில் உட்காரமாட்டோமா? சட்டத்தைப் படித்து, மருந்தின் குணத்தைப் படித்து, கூலிக்காரப் பெண்களுக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்லி, விதியை மீறும் முதலாளியின் பெயரையும் கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரியின் பெயரையும் ஊரறியச் செய்ய எத்தனை பேர் தயார்? பாதிரியைக் குறைகூறும் யோக்கியதை, அப்படித் தயாரானவனுக்குத்தான் உண்டு.